ரோச்சோர் கரைக்குக் குடிவரப் போகிறவர்களுக்கு

அன்புள்ள புதிய அண்டைவீட்டாரே,

2021 நவம்பரில் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) ரோச்சோரில் ‘ரிவர் பீக்ஸ்’ வீடுகளை விற்பனைக்கு விட்டபோது விண்ணப்பித்து, குலுக்கலில் எண் கிடைத்து, சாவிக்காகக் காத்திருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். விற்பனைக்கான 960 வீடுகளுக்கு வருகிறவர்களுக்கும், அதே கட்டடங்களில் ஒதுக்கப்பட்ட 40 வாடகை வீடுகளுக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஃபேரர் பார்க் திடலில் திட்டமிடப்பட்ட சுமார் 1,600 வீடுகளுக்கு வருகிறவர்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் எல்லாருடைய வீட்டுக்கும் கூப்பிடு தூரத்தில் இருப்பது தேக்கா. நான் ஈசூனில் குடியிருக்கிறேன். ஆனாலும் காய்கறிக்கும் பூவுக்கும் கோயிலுக்கும் வாராவாரம் தேக்காவுக்குத்தான் வருகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கட்டடம் எழுவதை நான் எதிர்க்கவில்லை. டன்லப் ஸ்திரீட்டின் இரண்டு மாடிக் கடைவீடுகளுக்குப் பின்னால் நாற்பது மாடிக்கும் மேல் ஒரு கட்டடமா என்று வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதில் பங்குகொள்ள என்னால் முடியவில்லை. இந்தத் தீவில் உயரத்தைத் தவிர்க்க முடியாது என்பதற்காக மட்டும் இப்படிச் சொல்லவில்லை. தேக்காவுக்கு இன்று மிகவும் தேவைப்படுவது அங்கே குடியிருக்கும் மக்கள்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தேக்கா அடங்கிய லிட்டில் இந்தியா 1989 ஜூலை 7ஆம் தேதி கட்டடப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதனால் சுவர்கள் நின்றன. ஓடுகளும் சன்னல் கதவுகளும் அஞ்சடி நடைபாதைகளும் நின்றன. ஆனால் அதற்கு முன்பே இங்கிருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை அங் மோ கியோவுக்கும் ஈசூனுக்கும் உட்லண்ட்சுக்கும் போய்விட்டன. கடைக்கு மேல்மாடியில் குடும்பம் நடத்தி, கீழே வியாபாரம் பார்த்த வாழ்க்கை ஒரு தலைமுறைக்குள் கலைந்தது. குடிநீர், கழிவறை, காற்றோட்டம் என்று எல்லா வகையிலும் புதிய வீடுகள் மேலானவை; அந்த மாற்றத்தைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. பிறகு 2001இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் நீக்கப்பட்டது. பழைய வாடகையில் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த சிறு தொழில்கள் சந்தை வாடகையைச் சந்திக்க நேர்ந்தது. பாதுகாப்பு விதி கட்டடத்தின் முகப்பைக் காப்பாற்றும். அந்த முகப்புக்குள் பூக்கட்டுகிறவர் இருப்பாரா, பயணிகளுக்கு நினைவுப்பொருள் விற்கிறவர் இருப்பாரா என்பதைத் தீர்மானிப்பது அங்கே வந்து வாங்குகிறவர்கள்தான்.

இன்று தேக்காவுக்கு வருகிறவர்கள் மூன்று வகை. என்னைப்போல் தீவின் வேறு மூலைகளிலிருந்து வாங்க வருகிறவர்கள், சுற்றுப்பயணிகள், ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் வெளிநாட்டு ஊழியர்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கறிவேப்பிலை வாங்க இறங்கிவருகிற, பள்ளி விட்டதும் பிள்ளையோடு தோசை சாப்பிட வருகிற, கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அக்கம்பக்கத்தார் மிகக் குறைவு. ஓர் ஊருக்கு அன்றாடத்தைத் தருவது அவர்கள்தான். நீங்கள் அவர்களாக வேண்டும் என்பதே என் ஆசை.

உயரமான கட்டடமும் தெருவும் ஒன்றாக வாழ முடியும் என்பதற்குச் சான்று தேடி வெளியூர் போகவேண்டாம். பஃபலோ ரோட்டுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். சிராங்கூன் சாலைக்கு எதிர்ப்பக்கம் 1915இலிருந்து இருந்த பழைய கண்டாங் கர்பாவ் சந்தையின் வியாபாரிகள், 1982இல் இந்தப் பக்கம் கட்டிய புதிய நிலையத்துக்கு மாறினார்கள். முதலில் அதற்கு ‘சூஜியாவ் சென்டர்’ என்று பெயர் வைத்தார்கள். மக்கள் யாரும் அப்படி அழைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் தேக்கா சென்டர் என்றே பெயர் மாறியது. கீழே மீன், ஆட்டிறைச்சி, முருங்கைக்கீரை, உணவங்காடி, மேல்தளத்தில் புடவைக்கடைகள், ஒட்டி நிற்கும் புளோக்குகளில் வீவக வீடுகள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. விடியுமுன் லோரிகள் வந்து சரக்கு இறக்கும் சத்தத்தோடும் மீன் வாடையோடும்தான் வாழ்கின்றன. அந்த மின்தூக்கியில் இறங்கி வருகிற ஒரு மூதாட்டிக்கு, சந்தையில் எந்தக் கடையில் எந்த நாள் நல்ல கெண்டை வரும் என்பது தெரிந்திருக்கும்.

இப்போது சாலையின் மறுபக்கத்தைப் பாருங்கள். பழைய சந்தை இடிக்கப்பட்ட இடத்தில் 2003இல் தேக்கா மால் திறந்தது. குளிரூட்டப்பட்ட, கண்ணாடி போட்ட, வட்டாரத்தின் முதல் நவீனக் கடைத்தொகுதி. பிற்பாடு ‘தி வெர்ஜ்’ என்று பெயர் மாற்றிப் பார்த்தார்கள். 2017இல் மூடினார்கள்; இடித்தார்கள். அங்கே 2020இல் தேக்கா பிளேஸ் எழுந்தது. ஒரே சந்திப்பு, ஒரே எம்ஆர்டி நிலையம், ஒரே கூட்டம். சந்தையோடும் வீட்டோடும் சேர்த்துக் கட்டியது ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழைய முடியாத அளவு நிரம்புகிறது. தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது பதினான்கு ஆண்டுகளில் மண்ணோடு மண்ணானது. அந்தக் கடைத்தொகுதிக்குப் பல வியாபாரக் காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஆண்டுகளில் நான் இரண்டு பக்கமும் நடந்தவன். வெளியே அஞ்சடியில் நடக்கிற மனிதர் எதற்காக உள்ளே வரவேண்டும் என்ற கேள்விக்கு அந்தக் கட்டடத்திடம் கடைசிவரை பதில் இருக்கவில்லை.

உங்கள் கட்டடம் எந்தப் பக்கம் சேரும் என்பதைக் கட்டடக் கலைஞர் பாதிதான் தீர்மானிக்கிறார். மீதியை நீங்கள் தீர்மானிப்பீர்கள். வண்டி நிறுத்தத்திலிருந்து நேரே மின்தூக்கி, மின்தூக்கியிலிருந்து நேரே வீடு, வீட்டுக்கே வந்து சேரும் இணையச் சரக்கு என்று வாழ்ந்தால், 960 குடும்பங்கள் வந்தும் தேக்காவுக்கு ஓர் ஆள்கூட வந்ததாக ஆகாது.

நீங்கள் வரும் மண்ணைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். வெல்ட் ரோடு, பாசார் லேன், பிட் ஸ்திரீட், லாரூட் ரோடு என்று உங்களைச் சுற்றியுள்ள தெருக்களில்தான் சுங்கை ரோட்டுச் சந்தை பரவிக் கிடந்தது. 1930களில் தொடங்கியது. திருட்டுச் சந்தை என்று ஊரே பெயர் வைத்திருந்தது. ஆனால் பிற்காலத்தில் அங்கே தரையில் துணி விரித்து உட்கார்ந்திருந்தவர்களில் பலர் முதியவர்கள். ஓடாத கைக்கடிகாரம், பழைய நாணயம், ஒற்றைச் செருப்பு, கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். வாடகை கிடையாது. கையில் முதல் இல்லாதவர் இந்த நகரத்தின் நடுவில் வியாபாரம் செய்ய முடிந்த கடைசி இடம் அது. ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையத்துக்காக 2011இல் அதன் அளவு குறைந்தது. 2017 ஜூலை 10ஆம் தேதி அது முழுவதுமாக மூடப்பட்டது. வியாபாரிகளில் சிலர் உணவங்காடிகளிலும் வேறு இடங்களிலும் கடை எடுத்தார்கள். பலர் அந்தத் தொழிலையே விட்டார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டிலேயே இன்னொன்றும் நடந்தது. பச்சை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று நாலு நிறத்தில் நின்ற ரோச்சோர் சென்டர் இடிபடத் தொடங்கியது. 1977இல் கட்டியது. வடக்கு-தெற்கு விரைவுவழிக்காக எடுக்கப்போவதாக 2011இல் அறிவித்தார்கள். 567 குடும்பங்கள் அங்கிருந்து போயின. காலாங்கில் அவர்களுக்கு மாற்று வீடுகள் கிடைத்தன. கீழ்த்தளத்துக் கடைகள் கலைந்து போயின.

இவற்றைச் சொல்லி உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நினைக்கவில்லை. அந்தச் சந்தையை நீங்கள் மூடவில்லை. அந்த வீடுகளை நீங்கள் இடிக்கவில்லை. ஒரு வட்டாரம் பத்தாண்டுக்குள் தன் ஏழை வியாபாரிகளையும் தன் பழைய குடிகளையும் கொடுத்துவிட்டு உங்களை வரவேற்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அது தெரிந்தவர் கொஞ்சம் வேறு மாதிரி குடிவருவார்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். சத்தம்.

தேக்காவில் சத்தம் உண்டு. ஆனால் அது எவ்வளவு அடங்கிய சத்தம் என்பது புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கு மிக அருகில் டன்லப் ஸ்திரீட்டில் இருக்கிற அப்துல் கஃபூர் பள்ளிவாசலில் ஐந்து வேளையும் தொழுகை நடக்கிறது. 1970களில் இந்த நாட்டுப் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உள்நோக்கித் திருப்பப்பட்டன. பாங்கு வானொலி வழியாக வீடுகளுக்குப் போகிறது. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கு 1973இல் தடை வந்தது. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை காவடி எடுத்தவர்கள், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தெருவில் மேளம் இல்லாமல், அரோகரா என்ற வாய்க்குரலோடு மட்டும் நடந்தார்கள். 2016இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. தீமிதி இரவில் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போகிற பக்தர்களும் காவலர்கள் ஒழுங்குபடுத்திய பாதையிலேயே நடக்கிறார்கள். பக்கத்துவீட்டார் அமைதிக்காகவும் பொது ஒழுங்குக்காகவும் இந்த வட்டாரம் ஏற்கெனவே தன் குரலைப் பலமுறை தணித்திருக்கிறது. பெரிய மனக்குறையோடுதான்; ஆனாலும் தணித்திருக்கிறது.

ஆகையால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கேம்பல் லேன் கடைகளின் பாட்டுச் சத்தம் இருபதாவது மாடிக்கு எட்டினால், பொங்கல் பால் பொங்கும் விடியலில் நாதஸ்வரம் உங்களை எழுப்பினால், உடனே புகார் போட ஒன்சர்வீஸ் செயலியைத் திறக்காதீர்கள். அந்தச் செயலி நல்லது; கசியும் குழாய்க்கும் உடைந்த விளக்குக்கும் நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் போடுகிற புகாருக்கு முகம் கிடையாது. நூறு பேர் போட்டால் அதிகாரிகள் ஏதாவது செய்தாக வேண்டும். அவர்கள் செய்யக்கூடியது பெரும்பாலும் ஒன்றைக் குறைப்பது, ஒன்றைத் தடுப்பது. கீழே இறங்கி வாருங்கள். கடைக்காரரிடம் ‘அண்ணே, குழந்தை தூங்குது, பத்து மணிக்கு மேல கொஞ்சம் குறைச்சுக்குங்க’ என்று சொல்லுங்கள். குறைப்பார். குறைக்காவிட்டால் லிஷாவிடம், அதாவது லிட்டில் இந்தியா வர்த்தகர்கள் மரபுடைமைச் சங்கத்திடம் சொல்லுங்கள். தீபாவளி ஒளியூட்டை ஆண்டுதோறும் நடத்தி ஆயிரம் பேரோடு பேசிப் பழகியவர்கள் அவர்கள்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல இன்னும் அதிகம் இருக்கிறது.

ஞாயிறு பிற்பகலில் சிராங்கூன் சாலையிலும் ரேஸ் கோர்ஸ் ரோட்டிலும் கூடுகிறவர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்த ஊழியர்கள். ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், முடிவெட்டிக்கொள்வார்கள், வாரத்துக்கு வேண்டிய வெங்காயமும் அரிசியும் வாங்குவார்கள், மாவட்டத்துக்காரர், ஊர்க்காரர் என்று கூடிப் புல்லில் உட்கார்ந்து பேசுவார்கள். அவ்வளவுதான். ஆறு நாள் வேலைக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைக்கிற முக்கியமான பொது இடம் அது. உங்கள் கட்டடத்துக்குக் கம்பி கட்டிய கைகளும் காங்கிரீட் ஊற்றிய கைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. கட்டி முடித்த பிறகு அந்தக் கட்டடத்தின் நிழலில் அவர்கள் உட்கார்ந்தால் யாருக்கும் நெருடக் கூடாது என்று நினைக்கிறேன்.

நெருடியிருக்கிறது என்பதால்தான் சொல்கிறேன். 2008இல் சிராங்கூன் கார்டனில் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றை ஊழியர் தங்குவிடுதியாக மாற்றப்போகிறார்கள் என்றதும் அக்கம்பக்கத்தார் பெருந்திரளாகக் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். விடுதி கடைசியில் வந்தது. ஆனால் சிறியதாக வந்தது, வீடுகள் இருக்கும் தெருக்களைத் தொடாமல் தனிச்சாலை போட்டு வந்தது. 2013 டிசம்பர் 8ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும், அதைத் தொடர்ந்து நடந்த கலவரமும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தீவு முழுவதும் இரவு 10.30 மணிக்கு மேல் பொது இடத்தில் குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் மட்டும் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணிவரை தடை. பிறகு இதே வட்டாரத்தில் சில வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தைச் சுற்றித் தடுப்புகள் வைக்கப்பட்டன. அங்கே குடியிருப்பவர்களுக்கு உண்மையான தொல்லை இருந்தது. குப்பை, மின்தூக்கி வாசலில் நெரிசல், படிக்கட்டில் படுத்திருப்பவர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தடுப்பு வைப்பதால் மட்டும் குப்பைத் தொட்டி கூடிவிடாது, கழிவறை கூடிவிடாது, உட்கார நிழலும் கூடிவிடாது. அந்த மனிதர்கள் அடுத்த புளோக்குக்கு நகர்ந்தார்கள்.

அந்த ஞாயிறுகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2020இல் கொவிட் வந்து ஊழியர் விடுதிகள் அடைக்கப்பட்டபோது தேக்காவின் ஞாயிறு நின்றுபோனது. கடைக்காரர்கள் வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2021 செப்டம்பரில் வாரத்துக்கு ஐந்நூறு ஊழியர்களை வெளியே விட்டுப் பார்க்கும் சோதனை தொடங்கியபோது, அவர்கள் போக அனுமதித்த முதல் இடங்களில் ஒன்று லிட்டில் இந்தியா. நீங்கள் செவ்வாய்க்கிழமை கறிவேப்பிலை வாங்கப்போகும் கடை இன்னும் மூடப்படாமல் இருந்தால், அதற்கு அந்த ஊழியர்களின் ஞாயிற்றுக்கிழமைக் காசு ஒரு முக்கியக் காரணம். உங்களுக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு கணக்கு இப்படி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

இத்தனையையும் ஒரு தனியார் கொண்டோமினியத்துக்குக் குடிவருகிறவர்களுக்கு எழுதியிருப்பேனா என்று யோசித்தேன். எழுதியிருக்க மாட்டேன். உங்களுக்கு எழுதக் காரணம் உங்கள் வீட்டோடு வந்த நிபந்தனைகள். நாட்டிலேயே முக்கிய இடப் பொது வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வந்த முதல் வீடுகள் உங்களுடையவை. பத்து ஆண்டுகள் நீங்களே குடியிருந்தாக வேண்டும். வீடு முழுவதையும் எந்தக் காலத்திலும் வாடகைக்கு விட முடியாது. விற்கும்போது கூடுதல் மானியத்துக்காக விலையில் 6 விழுக்காட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவை கடுமையானவை என்று பலர் குறைப்பட்டார்கள். எனக்கு இவைதான் பெரிய நம்பிக்கை. வாங்கிப் பூட்டிவைத்துவிட்டு விலை ஏறும்வரை காத்திருக்கிற ஆள் இந்தக் கட்டடத்துக்கு வர முடியாது. இங்கே பிள்ளை பெற்று, இங்கே பள்ளிக்கு அனுப்பி, இங்கே முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப்போகிறவர்கள்தான் வர முடியும். நகரத்தின் மிக விலையுயர்ந்த நிலத்தில், சாதாரண வருமானக்காரர்களுக்காக, வாடகைக் குடும்பங்களையும் அதே கட்டடங்களில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த 40 குடும்பங்களை மின்தூக்கியில் பார்க்கும்போது எந்த மாடி என்று மட்டும் கேளுங்கள். எந்த வகை வீடு என்று கேட்காதீர்கள்.

நகர மறுசீரமைப்பு ஆணையத்தாரும் வீவக அதிகாரிகளும் இதைப் படித்தால் அவர்களிடமும் சில வேண்டுகோள்கள். இந்த வட்டாரத்தில் இனி எழும் ஒவ்வொரு உயரமான கட்டடத்தின் கீழ்த்தளத்திலும் சிறு வியாபாரி கட்டக்கூடிய வாடகையில் சில கடைகளாவது இருக்கட்டும். சுங்கை ரோட்டில் தரையில் உட்கார்ந்தவர்களைப் போன்றவர்களுக்கு மாதம் ஒரு நாள் ஒரு திறந்த இடமாவது கிடைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கென்று கழிவறையும் குடிநீரும் நிழலும் கூடட்டும். தடுப்புகளுக்கு ஆகிற செலவை அதற்குத் திருப்பலாம். ஃபேரர் பார்க் திடலில் ஒரு பகுதியைத் திறந்தவெளியாகவே விட ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். 1942 பிப்ரவரி 17ஆம் தேதி பிரிட்டிஷ் இந்தியப் படையின் வீரர்கள் பல்லாயிரக்கணக்கில் நிறுத்தப்பட்டு, ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட இடம் அது. இந்தியத் தேசிய ராணுவத்தின் கதை அங்கிருந்துதான் தொடங்கியது. அங்கே மிச்சமிருக்கிற புல்லுக்கு வேலி போட்டுவிடாதீர்கள்.

குடிவரப் போகிறவர்களே, சாவி வாங்கிய முதல் ஆண்டில் உங்கள் குடியிருப்பாளர் கட்டமைப்பு அமையும். அதற்குத் தொண்டர்கள் கிடைக்காமல் அலைவார்கள். நேரம் இல்லை என்று ஒதுங்காமல் சிலராவது போய்ச் சேருங்கள். முதல் கூட்டத்துக்கு லிஷாவிலிருந்து ஒருவரையும், அப்துல் கஃபூர் பள்ளிவாசலிலிருந்து ஒருவரையும், சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலிலிருந்து ஒருவரையும், ஊழியர்களுக்காக உழைக்கும் அமைப்பு ஒன்றிலிருந்து ஒருவரையும் கூப்பிடுங்கள். வண்டி நிறுத்தம், செல்லப்பிராணி, குப்பை அறை எல்லாவற்றையும் பிறகு பேசலாம். ஞாயிற்றுக்கிழமையை எப்படிச் சேர்ந்து நடத்துவது என்பதை முதலில் பேசுங்கள். அந்தக் கூட்டம் சனிக்கிழமையில் நடந்தால், அழைப்பு இல்லாவிட்டாலும் நான் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். அன்று எனக்கு எப்படியும் தேக்காவில் வேலை இருக்கும்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து வாராவாரம் தேக்காவுக்கு வரும் ஒருவர்